ஊசிக்குப் பிறகு: டாக்டரம்மா பதில்கள்

போன இதழில் தடுப்பூசி அட்டையைத் தொலைக்காமல் வைத்திருக்கச் சொல்லி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வேறொரு விஷயத்தைக் கேட்கின்றன. எந்த நோய்க்காக ஊசி போடுகிறோமோ அதைத் தடுக்கிறது, சரி. அது போக உடம்புக்குள் வேறு என்னவெல்லாம் செய்கிறது? சர்க்கரை வருமா? மற்ற நோய்களை எதிர்க்கும் சக்தி கூடுமா, குறையுமா? நல்ல கேள்வி. ஆராய்ச்சியாளர்கள் நாற்பது வருஷத்துக்கு மேலாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளுக்குப் பின்னால் இருக்கிற என் கிளினிக்கிலும், புதன்கிழமை ஊசி போட்டுக்கொண்டு நேராக வந்து உட்காரும் அம்மாக்கள் கேட்பது இதுதான். அதனால் இந்த இதழ் முழுக்க இதற்கே. நம்ம பக்கத்துக் கடிதங்களாகவே எடுத்துக்கொண்டேன்.

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். என் நாத்தனார் பையனுக்கு ஆறு வயது. போன வருஷம் திடீரென்று சர்க்கரை வந்து, இப்போது தினமும் இன்சுலின் போடுகிறார்கள். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் ஐந்து வயது ஊசி போட்டோம். அந்த ஊசியால்தான் சர்க்கரை வந்தது என்று மாமியார் உறுதியாகச் சொல்கிறார். என் பெண்ணுக்கு அடுத்த வாரம் 45 நாள் ஊசி. வீட்டில் போட விடமாட்டேன் என்கிறார்கள். நான் என்ன செய்ய?
— ஒரு தாய், கொருக்குப்பேட்டை

ஊசியைப் போடுங்கள் அம்மா. தள்ளிப்போடாமல் அன்றைக்கே போடுங்கள். ஏன் என்று மாமியாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பேரன் கையில் தினம் ஊசி குத்துவதைப் பார்க்கிற பாட்டி அதற்கு ஒரு காரணம் தேடுவது நியாயம். அவரோடு சண்டை போடாதீர்கள். இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள்.

அந்தப் பையனுக்கு வந்திருப்பது டைப் 1 சர்க்கரை. நம் தாத்தா பாட்டிக்கு வருகிற சர்க்கரை வேறு, இது வேறு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே வழி தவறிப்போய், கணையத்தில் இன்சுலின் சுரக்கிற செல்களை அழித்துவிடுகிறது. அந்த அழிவு, சர்க்கரை வெளியே தெரிவதற்குப் பல மாதம், பெரும்பாலும் சில வருஷம் முன்பே ஆரம்பித்திருக்கும். நோய் அதிகமாக வெளிப்படுவது 4 முதல் 7 வயதுக்குள்ளும், அப்புறம் 10 முதல் 14 வயதுக்குள்ளும். ஐந்து வயது ஊசியும் அதே சமயத்தில்தான் வருகிறது. ஏறக்குறைய எல்லாக் குழந்தைக்கும் ஊசி போடுகிற வயதில் சில குழந்தைகளுக்கு ஒரு நோயும் வந்தால், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கத்தான் செய்யும். ஒன்றால் இன்னொன்று வந்ததா என்று ஒரு வீட்டை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஊசி போட்ட குழந்தைகளையும் போடாத குழந்தைகளையும் லட்சக்கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்திருக்கிறார்கள். 1990-களில் ஒரு அமெரிக்க மருத்துவர், பிறந்த சில மாதம் கழித்துப் போடுகிற ஊசிகளால் டைப் 1 சர்க்கரை கூடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். பின்லாந்தில் அப்போது ஹிப் கிருமிக்கான ஊசியை (நம் 45 நாள் ஊசிக்குள் இருக்கிற ஐந்தில் அதுவும் ஒன்று) ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு, ஒரு பாதிக்கு 3 மாதத்திலும் மறுபாதிக்கு 2 வயதிலும் தொடங்கிப் போட்டிருந்தார்கள். அந்தக் குழந்தைகளைப் பத்து வயது வரை பின்தொடர்ந்து 1999-இல் முடிவை வெளியிட்டார்கள். சர்க்கரை வந்த கணக்கில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அடுத்தது டென்மார்க். 1990 முதல் 2000 வரை அங்கே பிறந்த 7 லட்சத்து 39 ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகள். அதில் 681 பேருக்கு டைப் 1 சர்க்கரை. போலியோ, தொண்டை அடைப்பான், டெட்டனஸ், கக்குவான், ஹிப், தட்டம்மை என்று ஊசி ஊசியாகப் பிரித்துப் பார்த்தார்கள். எதனோடும் தொடர்பு தெரியவில்லை. உங்கள் வீட்டுக்கு முக்கியமானது இது: கூடப்பிறந்தவர்களுக்கு டைப் 1 இருக்கிற குழந்தைகளைத் தனியாக எடுத்தும் பார்த்தார்கள். பரம்பரையாக வாய்ப்பு அதிகம் உள்ள அந்தக் குழந்தைகளிடமும் ஊசியால் எதுவும் கூடவில்லை. உங்கள் பெண்ணுக்கு அந்தப் பையன் அத்தை மகன்தான். உறவு இன்னும் தூரம்.

சொல்லப்போனால் விஷயம் எதிர்ப்பக்கமாகவும் இருக்கிறது. கர்ப்பத்தில் அம்மாவுக்கு ரூபெல்லா வந்து பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகளுக்குப் பின்னாளில் சர்க்கரை வருவது அதிகம் என்பது பல வருஷமாகத் தெரிந்த விஷயம். அந்த ரூபெல்லாவைத் தடுப்பதே ஒன்பதாவது மாத ஊசிதான். ஆஸ்திரேலியாவில் 2007-இல் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து வந்த பிறகு, நாலு வயது வரையிலான குழந்தைகளுக்கு டைப் 1 வருவது 14 சதவீதம் குறைந்ததாக 2019-இல் எழுதினார்கள். பின்லாந்தில் தேடியபோது அந்தக் குறைவு தென்படவில்லை. ஆகவே ரோட்டா சொட்டு மருந்து சர்க்கரையைத் தடுக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். வயிற்றுப்போக்குக்காக அதைக் கொடுங்கள். அது போதுமான காரணம்.

இன்னொன்றைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க எனக்கு மனசில்லை. ஊசியைச் சந்தேகப்படுகிற கண், உண்மையான அறிகுறியைப் பார்க்கத் தவறிவிடுகிறது. குழந்தை சொம்பு சொம்பாகத் தண்ணீர் கேட்கிறதா? இரவில் படுக்கையை நனைப்பதை விட்டிருந்த பிள்ளை திரும்ப நனைக்கிறதா? நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிறதா? ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்க்கிறதா? இதில் எது இருந்தாலும் அன்றைக்கே விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தில் சர்க்கரை பாருங்கள். ஒரு நிமிஷ வேலை. இதைத் தாண்டிவிட்டால் வாந்தி, வயிற்று வலி, ஆழமாக இழுத்து இழுத்து மூச்சு, வாயில் பழம் அழுகின வாசனை என்று போகும். அந்த மூச்சைச் சளி என்று நினைத்து, வீசிங்குக்கு வைக்கிற மருந்துப் புகையை வைத்து, வீட்டுக்கு அனுப்பி, மறுநாள் நினைவில்லாமல் தூக்கி வந்த குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். மூச்சு வாங்குகிறது, நெஞ்சில் சத்தமே இல்லை என்றால் சர்க்கரையைப் பாருங்கள் என்று நம்ம பக்கத்து இளம் டாக்டர்களுக்கும் சொல்லிக்கொள்கிறேன்.

டாக்டர், பிறந்ததும் போடுகிற பி.சி.ஜி. ஊசி காசநோய் மட்டுமல்லாமல் வேறு பல நோய்களையும் தடுக்கிறது, ரத்தச் சர்க்கரையைக்கூடக் குறைக்கிறது என்று ஒரு கட்டுரையில் படித்தேன். உண்மையா? உண்மையென்றால் என் மகனுக்கு இன்னொரு தடவை போடலாமா? அப்பாவுக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை, அவருக்கும் போடலாமா?
— மணலி ஆலை ஊழியர், திருவொற்றியூர்

தம்பி, நீங்கள் படித்ததில் உண்மை இருக்கிறது. ஆனால் அதிலிருந்து நீங்கள் போன இடம்தான் சரியில்லை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், எனக்குப் பிடித்த ஊசி இது.

பிறந்த குழந்தையின் இடது மேல்கையில், தோலுக்கு அடியில்கூடப் போகாமல் தோலுக்குள்ளேயே, 0.05 மில்லி. சிஸ்டரின் கை சரியாக இருந்தால் அந்த இடம் வெளுத்து, ஆரஞ்சுத் தோல் மாதிரி குழிகுழியாக உப்பி நிற்கும். அரை மணியில் அது அடங்கிவிடும். இரண்டு மூன்று வாரம் கழித்து அங்கே சின்னக் கட்டி எழும், உடைந்து கொஞ்சம் சீழ் வடியும், காய்ந்து தழும்பாகும். மஞ்சள் பூச வேண்டாம், ஆயின்மென்ட் வேண்டாம், பிதுக்க வேண்டாம். தழும்பு விழாவிட்டாலும் மறுபடி போடத் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது. ஆகவே உங்கள் மகனுக்கு இன்னொரு தடவை வேண்டாம்.

இந்த ஊசிக்கும் நம் ஊருக்கும் நெருக்கம் அதிகம். 1921-இல் பாரிஸில் முதல்முதலாகக் குழந்தைக்குக் கொடுத்த மருந்து இது. 1948-இல் கிண்டியில் இதைத் தயாரிக்க ஆய்வுக்கூடம் வந்தது. 1955-இல் ராஜாஜி இதை வெளிப்படையாக எதிர்த்தார். அப்புறம் 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் லட்சக்கணக்கானவர்களை வைத்து, உலகத்திலேயே மிகப் பெரிய பி.சி.ஜி. சோதனை தொடங்கியது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை இது தடுக்கவில்லை என்பது முடிவு. அந்த முடிவை யாரும் மறைக்கவில்லை, 1979-இலேயே வெளியிட்டார்கள். நம் மண்ணில் நடந்த அந்தச் சோதனையின் நேர்மை எனக்குப் பெருமை. ஆனால் கைக்குழந்தைக்கு வரும் மூளைக் காசநோயையும் உடம்பு முழுக்கப் பரவும் காசநோயையும் இது தடுக்கிறது என்பதில் சந்தேகமில்லை. அதற்காகத்தான் இன்றும் போடுகிறோம்.

இனி உங்கள் கேள்வி. மேற்கு ஆப்பிரிக்காவில் கினி-பிசாவ் என்று ஒரு சின்ன நாடு. அங்கே எடை குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்குப் பொதுவாக பி.சி.ஜி.யைத் தள்ளிப்போடுவார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர்கள், சீட்டுக் குலுக்குவதுபோலக் கலைத்துப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனே போட்டுப் பார்த்தார்கள். மூன்று சோதனைகளைச் சேர்த்துக் கணக்கிட்டால், உடனே போட்ட குழந்தைகளில் முதல் மாத இறப்பு 38 சதவீதம் குறைந்திருந்தது. பிறந்த முதல் மாதத்தில் காசநோயால் குழந்தை இறப்பதில்லை. ரத்தத்தில் கிருமி கலப்பதாலும் நெஞ்சுச் சளியாலும் வருகிற இறப்புதான் குறைந்தது. அப்படியென்றால் இந்த ஊசி வேறு ஏதோ செய்கிறது.

என்ன செய்கிறது என்பதை நெதர்லாந்தில் மிஹாய் நெட்டியா என்ற ஆராய்ச்சியாளரின் குழு 2012-இலிருந்து ஒவ்வொன்றாகக் காட்டி வருகிறது. ரத்தத்தில் மோனோசைட் என்று ஒரு வெள்ளணு. வந்த கிருமி எது என்று பார்க்காமல் முதலில் பாய்வது அது. அதற்கு ஞாபகம் கிடையாது என்றுதான் எங்களுக்குப் பாடம் நடத்தினார்கள். பி.சி.ஜி. போட்டு மூன்று மாதம் கழித்து எடுத்த மோனோசைட், சம்பந்தமே இல்லாத பூஞ்சையையும் சீழ் உண்டாக்குகிற கிருமியையும் பார்த்து முன்னைவிட வேகமாக எதிர்வினை காட்டியது. மரபணுவில் எழுத்து எதுவும் மாறவில்லை. எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பது மாறியிருந்தது. கூடவே அந்த அணு சக்தி எடுக்கும் முறையும் மாறியிருந்தது: குளுக்கோஸை அதிகமாக இழுத்து வேகமாக எரிக்க ஆரம்பித்தது. வளர்சிதை மாற்றம் என்று நீங்கள் படித்திருப்பீர்களே, அது இதுதான். வெள்ளணுவுக்குள் நடக்கிற மாற்றம். குழந்தையின் உடம்புச் சர்க்கரை இதனால் ஏறுவதோ இறங்குவதோ இல்லை.

பெரியவர்கள் கதை தனி. பாஸ்டன் நகரில் ஒரு பெரிய மருத்துவமனையில், பல வருஷமாக டைப் 1 சர்க்கரை உள்ளவர்களுக்கு நாலு வார இடைவெளியில் இரண்டு தடவை பி.சி.ஜி. போட்டார்கள். மூன்றாவது வருஷத்திலிருந்து சர்க்கரை இறங்கியதாக 2018-இல் வெளியிட்டார்கள். நம்பிக்கை தருகிற செய்தி, மறுக்கவில்லை. ஆனால் அதில் இருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். உங்கள் அப்பாவுக்கு இருப்பதோ டைப் 2. அவருக்கு வேண்டாம். இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்த மருந்து. எதிர்ப்புச் சக்தி தளர்ந்தவர் உடம்பில் அதை விளையாட்டாகப் போடக் கூடாது. மாத்திரை, நடை, கால் பாதத்தைத் தினம் பார்ப்பது, இதை அவர் தொடரட்டும்.

எல்லா ஊரிலும் ஒரே பலன் கிடைத்ததா என்றால் இல்லை. டென்மார்க்கிலேயே நாலாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குச் செய்த சோதனையில், மருத்துவமனையில் சேர்வது குறையவில்லை. கொரோனா சமயத்தில் ஐந்து நாடுகளில் கிட்டத்தட்ட நாலாயிரம் மருத்துவப் பணியாளர்களை வைத்துப் பார்த்ததிலும் பலன் இல்லை. நமக்கு இன்னும் பக்கத்தில், புதுச்சேரியிலும் சென்னையிலும் 2 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைகளை வைத்துப் பார்த்த சோதனையின் முடிவு 2019-இல் வந்தது. முதல் மாத இறப்பு குறையவில்லை. ஆப்பிரிக்காவில் போட்டது டென்மார்க் வகை பி.சி.ஜி., இங்கே போட்டது ரஷ்ய வகை. வித்தியாசம் அதனால் இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் எண்ணம். என் கருத்தைக் கேட்டால், மருந்தின் வகை, ஊர், குழந்தை சந்திக்கிற கிருமி எல்லாம் சேர்ந்துதான் இந்தக் கூடுதல் பலனைத் தீர்மானிக்கிறது. அதனால் அதைக் கிடைத்தால் லாபம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். காசநோய்க்காகப் போடுங்கள், பிறந்த அன்றே போடுங்கள்.

பேத்திக்கு ஊசி போட்டா அன்னிக்கு ராத்திரியெல்லாம் அனலா கொதிக்குது, பாலும் குடிக்க மாட்டேங்குது. உடம்புல இருக்கிற சத்தெல்லாம் ஊசி உறிஞ்சிடுதா?
— ஒரு பாட்டி, காசிமேடு (பேரன் எழுதிக் கொடுத்தது)

உறிஞ்சாது அம்மா. ஊசியைப் பார்த்து உடம்பு வேலை செய்கிறது, அந்த வேலையின் சூடுதான் அது. ஜுரத்தில் குழந்தைக்குப் பசி மந்தமாகும், தூக்கம் கெடும், ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும். தாய்ப்பாலை அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொல்லுங்கள். துணியைச் சுற்றிப் போர்த்தாதீர்கள். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கவும் வேண்டாம், தைலமும் வேண்டாம். பாராசிட்டமால் சிஸ்டர் சொன்ன அளவில், குழந்தையின் எடையைப் பார்த்து, ஜுரம் வந்த பிறகு கொடுங்கள். ஜுரம் வராமலேயே முன்கூட்டிக் கொடுத்தால் ஊசியால் உடம்பில் உண்டாக வேண்டிய, கிருமியை எதிர்க்கிற எதிர்ப்பொருள் கொஞ்சம் குறைவாக உண்டாகிறது என்று 2009-இல் ஒரு சோதனையில் தெரிந்தது. இரண்டு நாளைத் தாண்டியும் ஜுரம் நின்றால், குழந்தை துவண்டு கிடந்தால், வலிப்பு வந்தால், விடாமல் மணிக்கணக்கில் வீறிட்டு அழுதால், ஊசி ஜுரம்தானே என்று இருக்காமல் தூக்கிக்கொண்டு வாருங்கள். ஒன்பதாவது மாத ஊசிக்கு மட்டும் ஜுரம் தாமதமாக, ஒரு வாரம் பத்து நாள் கழித்து வரலாம். அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா, நான் நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். முத்தடுப்பு ஊசி போட்ட பெண் குழந்தைகள் ஆப்பிரிக்காவில் அதிகமாக இறந்தார்கள் என்று ஒரு ஆய்வில் படித்தேன். நாளைக்கு நானே இந்த ஊசியைப் போட வேண்டியவள். மனசு கேட்கவில்லை. இதைப் பற்றி யாரும் வகுப்பில் பேசுவதில்லை.
— மாணவி, வியாசர்பாடி

வகுப்பில் பேச வேண்டும் மகளே. நீ கேட்டது நல்லது.

அந்த ஆய்வும் கினி-பிசாவிலிருந்து வந்ததுதான். பீட்டர் ஆபி என்ற டென்மார்க்காரர் 1978-இல் அங்கே போய், வீடு வீடாகக் குழந்தைகளைப் பதிவு செய்ய ஆரம்பித்தார். தட்டம்மை ஊசி வந்த பிறகு, தட்டம்மையால் எவ்வளவு இறப்பு குறைய வேண்டுமோ அதைவிட அதிகமாகவே குறைந்ததைக் கவனித்தார். இந்த விஷயம் முழுக்கத் தொடங்கியது அங்கேதான். அதே கணக்கேடுகளில்தான் பின்னால் முத்தடுப்பு (தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ் மூன்றுக்குமான ஊசி) பற்றிய சந்தேகமும் வந்தது: உயிருள்ள கிருமி இருக்கிற தட்டம்மை, பி.சி.ஜி. ஊசிகளுக்குப் பின் மொத்த இறப்பு குறைகிறது. உயிரற்ற முத்தடுப்புக்குப் பின் சில இடங்களில், குறிப்பாகப் பெண் குழந்தைகளிடம், கூடுவதுபோல் இருக்கிறது என்றார்.

இப்படி ஒரு சந்தேகம் நிஜமானதும் உண்டு. அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். 1989-இல் தட்டம்மைக்குச் செறிவு அதிகமான ஒரு ஊசியை உலக சுகாதார நிறுவனம் சிபாரிசு செய்தது. தட்டம்மையை அது நன்றாகவே தடுத்தது. ஆனால் செனகல், கினி-பிசாவ், ஹெய்தி ஆகிய இடங்களில், அதைப் போட்டுக்கொண்ட பெண் குழந்தைகள், சாதாரண ஊசி போட்டவர்களைவிட அதிகமாக இறந்தது தெரியவந்தது. 1992-இல் அந்தச் சிபாரிசைத் திரும்பப் பெற்றார்கள். ஆகவே இந்தக் கேள்வியை யாரும் பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்க முடியாது.

முத்தடுப்பு விஷயத்தில் சிக்கல் சாட்சியத்தில். செறிவு ஊசியில் நடந்தது குலுக்கல் முறைச் சோதனை. முத்தடுப்பில் பெரும்பாலும் இருப்பது, ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் தள்ளி நின்று பார்த்த கணக்கு. ஊசி போடாத குழந்தை ஏன் போடவில்லை? நோய்வாய்ப்பட்டிருந்ததாலா, ஊருக்குப் போயிருந்ததாலா, அம்மா கூலி வேலையை விட முடியாததாலா? ஒவ்வொன்றும் முடிவை ஒரு பக்கம் சாய்க்கும். இறந்த குழந்தையின் அட்டையைப் பல வீடுகளில் வைத்திருக்க மாட்டார்கள்; கணக்கெடுப்பவர் வரும்போது அட்டை இல்லை, ஊசி போடவில்லை என்று எழுதிவிடுவார். அது இன்னொரு பக்கம் சாய்க்கும். 2014-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு எல்லா ஆய்வுகளையும் வரவழைத்துப் பார்த்தது. அந்த ஆய்வுத் தொகுப்பு 2016-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியானது. பி.சி.ஜி.யும் தட்டம்மை ஊசியும் மொத்த இறப்பைக் குறைப்பதாகத் தெரிகிறது. முத்தடுப்பு கூட்டுவதாகச் சில ஆய்வுகள் காட்டினாலும் அவை தவறான பக்கம் சாய வாய்ப்பு அதிகம் உள்ளவை என்றது. ஊசி அட்டவணையை மாற்றவில்லை, நல்ல சோதனைகள் வேண்டும் என்றது. எனக்கும் அதே எண்ணம்தான். சோதனை வேண்டும், அதுவும் நம் மாதிரி ஊர்களில் வேண்டும்.

ஆனால் அதுவரை ஊசியை நிறுத்தலாமா என்றால், நான் தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனையைப் பார்த்தவள். பயிற்சி மருத்துவராக இருந்தபோது அங்கே தொண்டை அடைப்பான் வந்த பிள்ளைகளைக் காட்டினார்கள். கழுத்து தாடையோடு சேர்ந்து வீங்கியிருக்கும். நாக்கை அமுக்கி டார்ச் அடித்தால் உள்நாக்கு பக்கம் சாம்பல் நிறத்தில் தடிப்பாக ஒரு சவ்வு. அதைக் குச்சியால் தொட்டால் ரத்தம் கசியும். அந்தச் சவ்வு கீழே இறங்கினால் மூச்சு நின்றுவிடும். இறங்காவிட்டாலும் அதன் விஷம் இதயத்தைத் தாக்கி, பிழைத்துவிட்டான் என்று நினைத்த பிள்ளை பத்தாம் நாள் போய்விடும். உன் வகுப்பில் யாரும் இதை நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். அதற்கு இந்த முத்தடுப்பு ஊசிதான் காரணம். கக்குவான் இருமலில் இரண்டு மாதக் குழந்தை நீலம் பாய்வதையும் நீ பார்க்காமலே பணி ஓய்வு பெற வேண்டும் என்பது என் ஆசை.

சரி, ஆபியின் ஆராய்ச்சியிலிருந்து உன் கைக்கு ஏதாவது பயன் உண்டா? உண்டு. உயிருள்ள ஊசிகளைத் தாமதிக்காதே. பி.சி.ஜி. பிறந்த அன்று, தட்டம்மை-ரூபெல்லா ஒன்பது மாதம் முடிந்ததும். 105 நாள் ஊசியோடு முடிந்தது என்று அம்மாக்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். அவர்களைத் தேடிப் பிடித்து ஒன்பதாவது மாதத்துக்கு வரவழைப்பவள்தான் நல்ல சிஸ்டர்.

ஊசியில் அலுமினியம் கலக்கிறார்கள், அது உடம்பில் தங்கி பின்னால் நோய் வரும் என்று என் கணவர் சொல்கிறார்.
— பெரம்பூர்

சில ஊசிகளில் இருக்கிறது. மருந்து வேலை செய்யத் தூண்டுவதற்காகக் கொஞ்சமாகச் சேர்க்கிறார்கள். 45 நாள் ஊசியில் உண்டு. பி.சி.ஜி., போலியோ சொட்டு, தட்டம்மை-ரூபெல்லா எதிலும் கிடையாது. 2025-இல் டென்மார்க்கில் 1997 முதல் 2018 வரை பிறந்த 12 லட்சம் குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். ஊசி வழியாக அலுமினியம் அதிகம் போன குழந்தைகளுக்குத் தன்னெதிர்ப்பு நோய், ஒவ்வாமை, ஆட்டிசம் மாதிரியான வளர்ச்சிக் குறைபாடு என 50 நோய்களில் எதுவும் கூடியிருக்கிறதா என்று தேடினார்கள். கூடவில்லை. உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள். அடுத்த ஊசிக்கு அவரே குழந்தையைத் தூக்கி வரட்டும், அவர் கேட்கிற எதற்கும் பதில் சொல்லத் தயாராக இருக்கிறேன்.

என் பையனுக்கு ஒன்றரை வயது. ஒன்பதாவது மாத ஊசியின்போது ஊரில் இருந்ததால் போடவில்லை. அம்மை ஒரு தடவை வந்து போனால் உடம்பு இறுகும், மற்ற நோயும் அண்டாது என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். அப்படியே விட்டுவிடலாமா?
— எண்ணூர்

விட்டுவிடாதீர்கள். தட்டம்மை விஷயத்தில் நடப்பது நேர் எதிர்.

தட்டம்மை வைரஸ் உடம்புக்குள் போனதும் தேடிப் போவது ஞாபகம் வைத்திருக்கிற எதிர்ப்பு அணுக்களைத்தான். பிள்ளை அதுவரை சளி, பேதி, காய்ச்சல் என்று பட்டு அனுபவித்துச் சேர்த்து வைத்த எதிர்ப்பை அது அழித்துவிடுகிறது. நெதர்லாந்தில் மதக் காரணத்தால் ஊசி போடாத ஊர்களில் தட்டம்மை பரவியபோது, 77 குழந்தைகளின் ரத்தத்தை அம்மைக்கு முன்னும் பின்னும் எடுத்து வைத்திருந்தார்கள். 2019-இல் வெளியான முடிவு இது: மற்ற கிருமிகளுக்கு எதிராக அவர்களிடம் இருந்த எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தது. ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகளுக்கு அப்படி எதுவும் அழியவில்லை. அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகும் இரண்டு மூன்று வருஷத்துக்கு அந்தப் பிள்ளை மற்ற நோய்களில் சாகும் வாய்ப்பு கூடுதலாக இருக்கிறது என்பது 2015-இலேயே நாடுகளின் இறப்புப் பதிவுகளிலிருந்து தெரிந்தது. கினி-பிசாவில் தட்டம்மை ஊசிக்குப் பின் இறப்பு எதிர்பார்த்ததைவிட அதிகம் குறைந்தது என்று மேலே எழுதினேனே, அதற்கு ஒரு பகுதி விளக்கம் இதிலும் இருக்கிறது.

நம்ம பக்கம் ஆடி மாதத்தில் அம்மை கண்டால் வீட்டு வாசலில் வேப்பிலை செருகி, டாக்டரிடம் போகாமல் இருப்பது இன்னும் உண்டு. வேப்பிலை இருக்கட்டும், மாரியம்மன் கோயிலுக்கும் போங்கள். ஆனால் பிள்ளையை ஒரு தடவை காட்டுங்கள். வைட்டமின் ஏ திரவம் அடுத்தடுத்து இரண்டு நாள் கொடுத்தால் கண் பார்வை போவதையும் உயிர் போவதையும் தடுக்கலாம். ஒரு வயதுக்கு மேல் ஒரு வேளைக்கு 2 லட்சம் யூனிட், ஆறு மாதம் முதல் ஒரு வயது வரை 1 லட்சம். அரசு மருத்துவமனையில் இலவசம்.

உங்கள் பையனுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஒன்பதாவது மாதத்தில் தவறிய தட்டம்மை-ரூபெல்லா ஊசியை ஐந்து வயது முடியும் வரை அரசுத் திட்டத்தில் போடுவார்கள். இந்தப் புதன்கிழமை பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அட்டையோடு கூட்டிப் போங்கள். ஒன்றரை வயது முத்தடுப்பு பூஸ்டரும் போலியோ சொட்டும் பாக்கி இருக்கும், அதே நாளில் ஊசியை வேறு இடத்தில் போட்டு, சொட்டையும் கொடுக்கலாம். இரண்டாவது தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்கு ஒரு மாதமாவது இடைவெளி வேண்டும். தேதியை அட்டையில் குறித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். ஊரில் போட்ட ஊசிகள் வேறு அட்டையில் இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். அட்டையே இல்லை என்றாலும் கவலை வேண்டாம், ஞாபகத்தில் இருப்பதைச் சொல்லுங்கள். சிஸ்டர் புதிய அட்டை போட்டுத் தருவார்.